1916ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார் பந்தயப் பருவம்: ஒரு சாம்பியன் பட்டம் எண்ணப்பட்ட விதம்

அமெரிக்கக் கார் பந்தயத்தின் பழைய வரலாற்றைத் தேடிப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு பட்டியல்தான். இடப்பக்கத்தில் ஆண்டு, வலப்பக்கத்தில் அந்த ஆண்டின் தேசிய சாம்பியன். 1909, 1910, 1911 என்று ஓராண்டுகூட விடுபடாமல் பெயர்கள் வரிசையாக நிற்கும். சில பட்டியல்கள் 1902 வரைக்கும் பின்னோக்கிச் செல்லும். பட்டியல் இத்தனை ஒழுங்காக இருப்பதால், அந்த ஆண்டுகளிலெல்லாம் இன்று நடப்பதுபோலவே ஒரு போட்டித் தொடர் நடந்தது, இறுதியில் ஒருவர் கோப்பையைத் தூக்கினார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அது சரியல்ல. அந்தப் பெயர்களில் பலவும் பந்தயம் ஓடி முடிந்து பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. இண்டியானாபோலிஸ் நகரில் மே மாதக் கடைசியில் வழக்கமாக நடக்கும் 500 மைல் பந்தயத்தை வென்றவரே அந்த ஆண்டின் சாம்பியன் என்ற எண்ணமும், அதிகப் பந்தயங்களை வென்றவருக்கே பட்டம் என்ற எண்ணமும் இதே குழப்பத்தின் கிளைகள். இவற்றைப் பிரித்துப் பார்க்க 1916ஆம் ஆண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பந்தயங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே புள்ளிகள் எண்ணப்பட்டு, ஆண்டின் முடிவில் முறைப்படி ஒருவர் சாம்பியனாக அறிவிக்கப்பட்ட ஆண்டு அது.

பருவம் என்பது என்ன?

பள்ளித் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் கணக்குத் தேர்வில் முதலாவதாக வருகிறார். இன்னொருவர் அறிவியலில் முதலாவதாக வருகிறார். அவரவர் பாடத்தில் அவரவர் முதல். ஆனால் வகுப்பிலேயே முதல் இடம் யாருக்கு என்று கேட்டால், எந்தெந்தத் தேர்வுகளின் மதிப்பெண்களைக் கூட்டுவது, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது சொல்லப்படாதவரை தனித்தனித் தேர்வுகள் இருக்கும். வகுப்பின் முதல் மாணவர் என்று ஒருவர் இருக்க மாட்டார்.

கார் பந்தயத்திலும் அப்படியே. ஓராண்டில் குறித்த சில பந்தயங்களை ஒரே கணக்கில் சேர்த்து, அவற்றில் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகையால் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பருவம் என்று பெயர். ஓராண்டில் நூறு பந்தயங்கள் நடந்திருந்தாலும் அந்த ஏற்பாடு இல்லையென்றால் அது பந்தயங்கள் மிகுந்த ஆண்டுதான், பருவம் அல்ல.

அந்த ஏற்பாட்டைச் செய்யும் அதிகாரம் அன்றைய அமெரிக்காவில் அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற அமைப்பிடம் இருந்தது. 1902இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு அடிப்படையில் கார் வைத்திருப்பவர்களின் சங்கம். நல்ல சாலைகள் வேண்டும் என்று கேட்பதும் அதன் வேலை, பந்தயங்களை ஒழுங்குபடுத்துவதும் அதன் வேலை. ஒரு பந்தயத்தை நடத்த அது தரும் ஒப்புதலை இந்தக் கட்டுரையில் அனுமதி என்று குறிப்பிடுகிறேன்.

அனுமதி என்பது வெறும் காகிதம் அல்ல என்பதற்குப் பார்னி ஓல்ட்ஃபீல்டின் கதை ஒன்று போதும். அந்நாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ஓட்டுநர் அவர்தான். 1910 அக்டோபரில் அவர், குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாக இருந்த கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனுடன், நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே குதிரைப் பந்தயத் தடத்தில் அனுமதியின்றிக் காரோட்டினார். ஓல்ட்ஃபீல்ட் எளிதாக வென்றார். சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. நாட்டின் முதன்மை ஓட்டுநரே ஆனாலும் சங்கத்தின் பதிவேட்டுக்கு வெளியே ஓடினால் இதுதான் நிலை. ஜான்சனின் நிறம் இதில் எவ்வளவு எடை கொண்டிருந்தது என்பதை அந்தக் காலத்து அமெரிக்காவை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: பந்தயம் வேறு, பருவம் வேறு. அனுமதி பெற்ற பந்தயங்களிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி, புள்ளி விதியோடு கோத்தால்தான் பருவம் பிறக்கிறது.

குதிரை ஓடிய மண்ணில் கார்கள்

புள்ளிகளுக்குள் போகுமுன் தடங்களைப் பார்த்துவிட வேண்டும். எந்த ஓட்டுநர் எங்கே வென்றார் என்பது தடத்தின் இயல்பைப் பொறுத்தது.

ஓவல் தடம் என்பது முட்டை வடிவிலோ நீள்வட்ட வடிவிலோ அமைந்த, ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வரும் மூடிய பாதை. அமெரிக்காவில் கார்கள் பிறப்பதற்கு முன்பே இத்தகைய பாதைகள் ஊருக்கு ஊர் இருந்தன. மாவட்டக் கண்காட்சித் திடல்களிலும் குதிரைப் பந்தய மைதானங்களிலும் ஒரு மைல் சுற்றளவில் மண் பாதையும் சுற்றிலும் இருக்கைகளும் வேலியும் நுழைவுச்சீட்டுக் கூண்டும் தயாராக நின்றன. சாலைப் பந்தயத்தில் வழிநெடுக நின்று இலவசமாகப் பார்க்கும் கூட்டத்திடம் காசு வாங்க வழியில்லை. வேலிக்குள் ஓடும் பந்தயத்தில் வாங்கலாம். அமெரிக்கப் பந்தயம் ஓவலை நோக்கிச் சாய்ந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை என்பது என் கருத்து.

1905இல் சங்கம் முதன்முதலாகப் புள்ளி அடிப்படையில் ஒரு தேசியப் போட்டியை நடத்திப் பார்த்தது இந்த மண் தடங்களில்தான். ஓல்ட்ஃபீல்ட் தம் 'கிரீன் டிராகன்' என்ற பியர்லெஸ் காரில் அதில் முன்னணியில் நின்றார். ஆனால் குதிரைக் குளம்புக்காகப் பதப்படுத்திய மண் கார் சக்கரத்துக்குக் கீழே புழுதியாகக் கிளம்பியது. முன்னால் போகிறவரைத் தவிர மற்றவர்களுக்குத் தடமே தெரியாது. அந்த ஆண்டு விபத்துகள் அடுக்கடுக்காக நடந்தன. பஃபலோவில் வெப் ஜே என்ற நீராவிக் கார் ஓட்டுநர் புழுதிக்குள் வழி தவறித் தடத்தைவிட்டுப் பாய்ந்து சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். இந்த முயற்சிக்குப் பிறகு 1916 வரை சங்கம் மறுபடி புள்ளிக் கணக்கு வைத்துப் பருவம் நடத்தவில்லை.

செங்கல்லும் பலகையும்

புழுதிக்கு இரண்டு மாற்றுகள் வந்தன. இண்டியானாபோலிசில் 1909இல் கட்டப்பட்ட இரண்டரை மைல் தடம் முதலில் கல்லும் தாரும் கலந்த பரப்பாக இருந்தது; அது பந்தயத்தின்போதே பெயர்ந்து உயிர்களைக் குடித்ததால், அதே ஆண்டில் ஏறத்தாழ 32 லட்சம் செங்கற்களைப் பதித்தார்கள். இன்னொரு மாற்று மரப்பலகை.

பலகைத் தடம் என்றதும் வீட்டுத் தரைபோல அகலவாக்கில் பலகையைப் படுக்க வைத்த பரப்பு மனத்தில் எழும். அப்படியல்ல. இரண்டு அங்குலத் தடிமனும் நான்கு அங்குல அகலமும் உள்ள சட்டங்களைக் குறுகிய விளிம்பு மேலே தெரியுமாறு நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி ஆணியடித்துச் சட்டகத்தின் மேல் நெடுக அடுக்குவார்கள். இத்தடங்களைக் கட்டுவதில் பேர்பெற்றவர் ஜாக் பிரின்ஸ். இங்கிலாந்தில் பிறந்து சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், சைக்கிளுக்காக மரத்தடம் கட்டிப் பழகிய கையால் காருக்கும் கட்டினார். 1910இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பிளாயா டெல் ரேயில் வட்டமாக எழுந்த ஒரு மைல் தடம்தான் கார்களுக்கான முதல் பலகைத் தடம். 1915இல் சிகாகோவிலும் ஷீப்ஸ்ஹெட் பேயிலும் இரண்டு மைல் சுற்றளவில் பெரிய பலகைத் தடங்கள் எழுந்தன. ஓல்ட்ஃபீல்டும் ஜான்சனும் ஓடிய குதிரை மைதானம் இருந்த அதே இடத்தில்தான் பின்னது கட்டப்பட்டது.

வேகம் எங்கிருந்து வந்தது?

திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மரத்தாலான உருளைக்குள் மோட்டார் சைக்கிள்காரர் சுற்றிச் சுற்றிச் சுவரில் ஏறிவிடுவார்; வேகம் இருக்கும்வரை விழமாட்டார். அந்தக் காட்சி அமெரிக்காவின் பலகைத் தடங்களிலிருந்து கிளைத்த ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. கேளிக்கைத் திடல்களில் சின்னச் சின்னச் சாய்வு வட்டங்களாகத் தொடங்கி, சுவர் செங்குத்தாகும் வரை வளர்ந்தது அது.

அங்கே நடப்பதுதான் பந்தயத் தடத்திலும் மென்மையாக நடக்கிறது. ஓடும் கார் இயல்பாக நேர்கோட்டில் போகவே முனையும். அதை வளைவில் திருப்ப வேண்டுமென்றால் வட்டத்தின் உட்புறம் நோக்கி ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டையான பாதையில் அந்தத் தள்ளலைத் தரக்கூடியது டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு ஒன்றுதான். பிடிப்பு தாங்கும் அளவைத் தாண்டி வேகம் கூடினால் கார் வழுக்கி வெளியே போகும். இப்போது வளைவின் வெளிவிளிம்பை உயர்த்திப் பாதையை உட்புறமாகச் சாய்த்துவிடுங்கள். காரின் அடியில் இருக்கும் பரப்பே அதை உள்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. டயரின் பிடிப்புக்குப் பாரம் குறைகிறது. வளைவின் வெளிவிளிம்பை இவ்வாறு உயர்த்தி அமைப்பதைச் சாய்மானம் என்போம். சாய்மானம் எவ்வளவு அதிகமோ, வேகத்தைக் குறைக்காமல் வளைவில் திரும்புவது அவ்வளவு எளிது.

இண்டியானாபோலிஸ் வளைவுகளின் சாய்மானம் 9 பாகைக்குச் சற்றே அதிகம். 1920இல் கட்டப்பட்ட பெவர்லி ஹில்ஸ் பலகைத் தடத்தில் அது 35 பாகை. நின்றபடி ஏற முயன்றால் கால் வழுக்கும் சரிவு. செங்கல்லையும் கான்கிரீட்டையும் அவ்வளவு சரிவில் படிய வைப்பது அந்நாளில் பெரும்பாடு. மரச்சட்டகத்தை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம், செலவும் குறைவு. பலகை வென்றது இதனால்தான்.

வேறுபாட்டை 1915ஆம் ஆண்டின் எண்களே சொல்லும். மே மாதம் இண்டியானாபோலிசின் செங்கற்களில் ரால்ஃப் டி பால்மா 500 மைலை ஓடி வென்றபோது சராசரி வேகம் மணிக்கு 89.84 மைல், அதாவது ஏறத்தாழ 145 கிலோமீட்டர். அடுத்த மாதமே சிகாகோவின் பலகைகளில் டேரியோ ரெஸ்டா அதே 500 மைலை 97.58 மைல் வேகத்தில் முடித்தார். அக்டோபரில் ஷீப்ஸ்ஹெட் பேயில் 350 மைல் பந்தயத்தை வென்ற கில் ஆண்டர்சனின் சராசரி 102 மைலைத் தாண்டியது. ஒரே ஆண்டு, ஒரே தலைமுறைக் கார்கள். கூடியது தடத்தின் தயவு.

அந்தத் தயவுக்கு விலையும் இருந்தது. வெயிலும் மழையும் குடித்த பாதுகாப்புப் பூச்சில்லாத மரம் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். சிகாகோ தடம் 1918க்கு மேல் நிற்கவில்லை. ஷீப்ஸ்ஹெட் பே 1919உடன் முடிந்தது. பலகை தேயத் தேயச் சிம்புகள் கிளம்பி ஓட்டுநரின் முகத்தில் தைத்தன. எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் மரத்தில் ஊறித் தடத்தை வழுக்கலாக்கியது. பிற்காலத்தில் தச்சர்கள் தடத்துக்கு அடியிலேயே நின்று, மேலே கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்த இடங்களைத் தட்டிச் சரிசெய்த கதைகள் உண்டு. தலைக்கு ஒரு முழம் மேலே நூறு மைல் வேகத்தில் சக்கரங்கள் இடிபோல் உருள, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு நிற்பவரைக் கற்பனை செய்து பாருங்கள். எந்தப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை.

சுருக்கமாக: ஓவல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மண், செங்கல், கான்கிரீட், பலகை என்று பரப்பு மாற, சாய்மானம் மாற, வேகம் மாறுகிறது. 1916இன் பருவம் இவை அனைத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தது.

ஒரு காரில் இருவர், சில நேரம் மூவர்

அக்காலப் பந்தயக் காரில் ஓட்டுநருக்கு அருகில் இன்னொருவர் அமர்ந்திருப்பார். உடனோடும் மெக்கானிக் என்பவர் இவர்தான். பின்னால் யார் நெருங்குகிறார் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது, டயர் கிழிகிறதா என்று கவனிப்பது, எண்ணெயும் எரிபொருளும் தடையின்றிப் போகக் கையால் பம்பு அடிப்பது ஆகியவை இவர் வேலை. விபத்தில் இவருக்கும் அதே கதிதான். பெயர் மட்டும் செய்தியின் கடைசி வரியில் வரும்.

மூன்றாமவர் மாற்று ஓட்டுநர். நீண்ட பந்தயத்தில் ஓட்டுநர் களைத்தாலோ காயப்பட்டாலோ இன்னொருவர் அதே காரில் ஏறித் தொடரலாம். தம் கார் பழுதாகி ஓய்ந்த நட்சத்திர ஓட்டுநர், அணியின் மற்றொரு காரை வாங்கி ஓட்டுவதும் நடக்கும். இங்கேதான் புள்ளிக் கணக்கில் ஒரு முடிச்சு விழுகிறது: வெற்றி யாருடையது, தொடங்கியவருடையதா, முடித்தவருடையதா? 1916இன் முடிவில் இந்த முடிச்சு நேரடியாகவே வந்து நின்றது.

புள்ளிகள் எப்படி எண்ணப்பட்டன?

மறுபடி தேர்வுக்கே வருவோம். வாரத் தேர்வுக்கும் முழு ஆண்டுத் தேர்வுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால் நியாயமாக இராது. 1916இன் விதியும் அதே கருத்தில் அமைந்தது: பந்தயத்தின் தொலைவு கூடக்கூட வெற்றியாளருக்கும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் கிடைக்கும் புள்ளிகளும் கூடின.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை உண்மையான விதியின் எண்கள் அல்ல. நூறு மைல் பந்தய வெற்றிக்கு 100 புள்ளி, முந்நூறு மைல் பந்தய வெற்றிக்கு 500 புள்ளி என்று கொள்க. ஒருவர் மூன்று நூறு மைல் பந்தயங்களை வென்று 300 புள்ளி சேர்க்கிறார். இன்னொருவர் ஒரே ஒரு முந்நூறு மைல் பந்தயத்தை மட்டும் வென்று 500 சேர்க்கிறார். வெற்றிகளை எண்ணினால் முன்னவர். புள்ளிகளை எண்ணினால் பின்னவர். அதிகம் வென்றவரே சாம்பியன் என்ற நம்பிக்கை சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இந்த விதிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நீண்ட பந்தயம் ஒன்றைத் தவறவிட்டவர் குறுகிய பந்தயங்களில் எவ்வளவு ஓடினாலும் அந்தக் குழியை நிரப்ப முடியாது. அந்தக் கோடையில் டி பால்மா குறுகிய பந்தயங்களில் நன்றாகவே ஓடினார். ஆனால் இண்டியானாபோலிசில் அவர் களமிறங்கவே இல்லை. ஆண்டின் முடிவில் பட்டத்துக்கான போட்டியில் அவர் பெயர் பேசப்படவில்லை.

மே முதல் நவம்பர் வரை

பருவம் மே மாதம் ஷீப்ஸ்ஹெட் பேயில் தொடங்கியது. எடி ரிக்கன்பேக்கர் வென்றார். பின்னாளில் முதல் உலகப்போரில் அமெரிக்காவின் தலைசிறந்த போர் விமானியாகப் பெயர் வாங்கிய அதே ரிக்கன்பேக்கர்தான். அந்தப் பந்தயத்தில் கார்ல் லிம்பெர்க் என்ற ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் தடத்தைவிட்டு வீசியெறியப்பட்டு இறந்தார்கள்.

மே 30ஆம் தேதி இண்டியானாபோலிஸ். இங்கே இன்னொரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். 1916இல் அங்கே நடந்தது 500 மைல் பந்தயம் அல்ல, 300 மைல். மழையால் குறுக்கப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை, அந்த ஆண்டு 300 மைல்தான் ஓடுவது என்று தடத்தின் உரிமையாளர்கள் முன்பே முடிவுசெய்திருந்தார்கள். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் அங்கிருந்து கார்கள் வருவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது; 21 கார்களே புறப்பட்டன. ஆட்களைத் திரட்ட, தடத்தின் உரிமையாளர்களே பெஜோ என்ற பிரெஞ்சுக் கார்களை வாங்கித் தங்கள் அணியாகக் களமிறக்கினார்கள். அந்த அணியின் முதன்மை ஓட்டுநர் ஜானி எய்ட்கன்.

எய்ட்கன்தான் தகுதி ஓட்டத்தில் முதலிடம் பிடித்தவர். ஆனால் பந்தயத்தில் அவர் கார் பாதி வழியில் பழுதாகி நின்றது. இன்னொரு பெஜோவில் வந்த டேரியோ ரெஸ்டா, மொத்தம் 120 சுற்றுகளில் 103 சுற்றுகள் முன்னிலையில் இருந்து, மணிக்கு 84 மைல் சராசரியில் வென்றார். இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ரெஸ்டா ஆர்ப்பாட்டமில்லாத ஓட்டுநர். காரை வருத்தாமல் நீண்ட தூரம் கொண்டுபோகும் கை அவருக்கு. தொலைவுக்கு ஏற்பப் புள்ளி தரும் விதி இத்தகையவருக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது. ஜூனில் சிகாகோவின் 300 மைலையும் ஜூலையில் ஒமாஹாவையும் அவரே வென்றார்.

பின்னர் காற்று திசை மாறியது. செப்டம்பர் 4ஆம் தேதி சின்சினாட்டியின் புதிய பலகைத் தடத்தில் 300 மைல் பந்தயத்தை எய்ட்கன் வென்றார். ஐந்து நாள் கழித்து இண்டியானாபோலிசில் அறுவடைப் பந்தயம் என்ற பெயரில் ஒரே நாளில் 20, 50, 100 மைல் என்று மூன்று ஓட்டங்கள். மூன்றையும் எய்ட்கனே வென்றார். அந்த மாதக் கடைசியில் ஷீப்ஸ்ஹெட் பேயில் 250 மைல் பந்தயமும் அவருக்கே. வேகம் மட்டும் பட்டத்தைத் தருவதாக இருந்தால் அந்தச் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அக்டோபரில் ரெஸ்டா சிகாகோவில் மறுபடி வென்று இடைவெளியை நெருக்கினார். நவம்பரில் எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது பட்டம் இருவரில் யாருக்கும் போகலாம் என்ற நிலை.

சான்டா மோனிகாவில் மூன்று நாள்

பருவத்தின் முடிவைத் தீர்மானித்தவை ஓவல் பந்தயங்கள் அல்ல. இதுவும் அடிக்கடி மறக்கப்படுகிறது. நவம்பர் 16இல் வாண்டர்பில்ட் கோப்பை, 18இல் அமெரிக்கன் கிராண்ட் பிரைஸ். இரண்டும் சான்டா மோனிகாவின் கடலோரத் தெருக்களில் எட்டு மைலுக்கு மேல் நீளும் சாலைச் சுற்றில் ஓடியவை. முன்னது 294 மைல், பின்னது 403 மைல். இரண்டும் நீளமானவை, ஆகவே இரண்டும் கனமானவை.

16ஆம் தேதி ரெஸ்டா வென்றார். 18ஆம் தேதி பந்தயத்தில் ரெஸ்டாவின் காரும் நின்றது, எய்ட்கனின் காரும் நின்றது. எய்ட்கன் அத்துடன் விடவில்லை. அதே அணியின் ஹௌடி வில்காக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த பெஜோவில் மாற்று ஓட்டுநராக ஏறி, அதை வெற்றிக் கோட்டுக்குக் கொண்டுசேர்த்தார். பதிவேட்டில் அந்த வெற்றி வில்காக்ஸ், எய்ட்கன் இருவர் பெயரிலும் நிற்கிறது. முன்பு சொன்ன முடிச்சு இதுதான். கோட்டைக் கடந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் எய்ட்கன். பந்தயத்தைத் தொடங்கியவர் வில்காக்ஸ். அந்த நாளின் ஆகப்பெரிய பந்தயத்தை முடித்துவைத்தும் எய்ட்கனுக்குப் பட்டம் கிட்டவில்லை.

நவம்பர் 30இல் லாஸ் ஏஞ்சலிசின் ஆஸ்காட் தடத்தில் ரிக்கன்பேக்கர் வென்று பருவத்தை முடித்துவைத்தார். இறுதிக் கணக்கு: ரெஸ்டா 4,100 புள்ளி, எய்ட்கன் 3,440, ரிக்கன்பேக்கர் 2,910. எனக்கு எய்ட்கன் மேல் ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அந்த இலையுதிர்காலத்தில் அவரைவிட வேகமாக ஓட்டியவர் அமெரிக்காவில் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1918 அக்டோபரில், உலகையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா தொற்றுக்கு அவர் பலியானார்.

ஒரு வரியில் சொன்னால், 1916இன் பட்டம் விதி முன்கூட்டி வகுக்கப்பட்டு, ஓட்டுநர்கள் அதை அறிந்தே ஓடிப் பெற்ற பட்டம். கடைசி வாரத்து விறுவிறுப்புக்குக் காரணமே அந்த அறிவுதான்.

பின்னோக்கி எழுதப்பட்ட பட்டங்கள்

1917இல் அமெரிக்கா போருக்குள் நுழைந்தது. சங்கம் சாம்பியன் பட்டத்தை நிறுத்திவைத்தது. அனுமதி பெற்ற பந்தயங்கள் ஓரளவு நடந்தன. 1920இல்தான் பட்டத்துக்கான கணக்கு மீண்டது. அப்படியானால் பட்டியலில் 1917க்கும் 1918க்கும் 1919க்கும், 1916க்கு முந்தைய ஆண்டுகளுக்கும் பெயர்கள் எப்படி வந்தன?

நெடுநாளாக ரேங்க் போடாத ஒரு பள்ளிக்குப் புதிதாக ஓர் எழுத்தர் வருகிறார் என்று கொள்ளுங்கள். அவர் பழைய விடைத்தாள் கட்டுகளைத் தேடியெடுத்து, இப்போதுள்ள மதிப்பெண் முறையை அவற்றின் மேல் போட்டுக் கூட்டி, பத்தாண்டுக்கு முன் படித்துப் போனவர்களில் யார் முதல் என்று பதிவேட்டில் எழுதிவைக்கிறார். கூட்டலில் பிழையில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மாணவர்கள் அப்படியொரு போட்டியில் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எந்தத் தேர்வை எழுதுவது, எதை விடுவது என்பதையே வேறுவிதமாக முடிவுசெய்திருப்பார்கள். ஒரு காலத்துப் பந்தயங்களுக்குப் பிற்காலத்தில் புள்ளி போட்டு வழங்கும் பட்டத்தைப் பின்னோக்கிய பட்டம் என்று சொல்லலாம்.

சங்கத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் வால் ஹேரஸ்னேப், ஆர்தர் மீன்ஸ் என்ற இருவர். 1920களின் பிற்பகுதியில் அவர்கள் பழைய முடிவுகளை எடுத்து வைத்து, 1909 தொடங்கி விடுபட்ட ஆண்டுகளுக்கெல்லாம் சாம்பியன்களைக் கண்டுபிடித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ரஸ் கேட்லின் என்ற எழுத்தாளர் அந்தப் பட்டியலைத் திருத்தி 1902 வரை நீட்டினார். 1909ஆம் ஆண்டுக்கு ஹேரஸ்னேப்பும் மீன்ஸும் சொன்ன பெயர் பெர்ட் டிங்லி; கேட்லின் சொன்னது ஜார்ஜ் ராபர்ட்சன். ஓடாத பருவத்துக்கு இரண்டு சாம்பியன்கள்.

இதைவிட வேடிக்கை 1905. அந்த ஆண்டு சங்கம் உண்மையிலேயே புள்ளிக் கணக்கு வைத்திருந்தது, ஓல்ட்ஃபீல்ட் அதில் முன்னணியில் இருந்தார் என்று மேலே பார்த்தோம். கேட்லினின் பட்டியலில் 1905க்கு எதிரே இருப்பதோ, வாண்டர்பில்ட் கோப்பையை வெல்ல அமெரிக்கா வந்துபோன பிரெஞ்சுக்காரர் விக்டர் எமரியின் பெயர்.

1920இன் கதையில் வேடிக்கை இல்லை. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் பந்தயத்தை வென்றவர் காஸ்டன் ஷெவ்ரலே. கார் நிறுவனத்துக்குப் பெயர் தந்த லூயி ஷெவ்ரலேயின் தம்பி. நவம்பர் 25இல் பெவர்லி ஹில்ஸ் பலகைத் தடத்தில் நடந்த கடைசிப் பந்தயத்தில் அவர் காரும் எடி ஓடானலின் காரும் மோதின. ஷெவ்ரலேயும் ஓடானலும் ஓடானலின் மெக்கானிக்கும் இறந்தார்கள். புள்ளிகளின்படி அந்த ஆண்டின் பட்டம் இறந்துபோன ஷெவ்ரலேக்கு அளிக்கப்பட்டது. பின்னாளில் மறுகணக்குப் போட்டவர்கள் எந்தெந்தப் பந்தயங்களைச் சேர்ப்பது என்பதை மாற்றியதும் முதலிடத்துக்கு டாமி மில்டன் வந்துவிட்டார். பல ஆண்டுகள் அச்சிட்ட பட்டியல்களில் மில்டன் பெயர்தான் இருந்தது. இப்போது பரவலாக ஷெவ்ரலேயே ஏற்கப்படுகிறார். ஒரு கண்ணில் பார்வையில்லாமலே ஓட்டிய மில்டன் 1921இல் ஐயத்துக்கு இடமின்றிப் பட்டம் வென்றவர். 1920இன் பட்டம் அவர் கேட்டுப் பெற்றதல்ல.

ஆகவே பழைய பட்டியல் ஒன்று கையில் கிடைத்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அந்தப் பட்டம் எப்போது அறிவிக்கப்பட்டது என்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டு படிப்பது நல்லது. அப்படிப் படிக்கும்போது 1909க்கும் 1920க்கும் எதிரே அடித்தல் திருத்தல் நிறையவே சேரும். 1916இன் வரியில் 'அதே ஆண்டு' என்று எழுதிவிட்டு நகரலாம். ஹேரஸ்னேப்பின் கணக்கிலும் கேட்லினின் கணக்கிலும் அங்கே டேரியோ ரெஸ்டாவின் பெயர்தான் இருக்கிறது.